தன்பாலீர்ப்பாளர் என்று அமெரிக்கப் படையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் விடுவிப்புச் சான்றைத் திருத்துவது எப்படி?

முதலில் டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றுப் படிவத்தின் முழுப் பிரதி வேண்டும். நீக்கிய காரணம் இல்லாத சுருக்கப் பிரதியை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. கையில் இல்லாதவர்கள் எஸ்எஃப் 180 என்ற ஆவணக் கோரிக்கைப் படிவத்தில், படையினரின் கோப்புகளை வைத்திருக்கும் செயின்ட் லூயிஸ் ஆவண மையத்திடம் கேட்கலாம். அங்கு நடந்த 1973 தீவிபத்தில் 1912–1960 காலத்துத் தரைப்படைக் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. இரண்டாம் உலகப்போரில் 'நீலச் சான்று' (கௌரவமானது என்றோ கௌரவமற்றது என்றோ சொல்லாத விடுவிப்பு) கொடுத்து அனுப்பப்பட்டவர்களின் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் முட்டி நிற்கும்.

விடுவித்து 15 ஆண்டுக்குள் என்றால் டிடி 293 படிவம், விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்கு. தாண்டிவிட்டால் டிடி 149, ஆவணத் திருத்த வாரியத்துக்கு. பின்னதற்கு, ஆவணத்தில் உள்ள தவறு தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டுக் கெடு உண்டு. நீதி கருதி வாரியம் தளர்த்தலாம். தாமதத்தின் காரணத்தை எழுதாமல் விடாதீர்கள்.

தன்பாலீர்ப்பை வெளிப்படுத்தியவர்கள் படையில் இருக்கத் தடை விதித்த 'கேட்காதே, சொல்லாதே' கொள்கை முடிந்த 2011 செப்டம்பர் 20 அன்றே பாதுகாப்புத் துறை வாரியங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. அதன் சொற்களிலேயே கேளுங்கள்: காரணம் 'செயலரின் அதிகாரம்', பிரிவுக் குறியீடு ஜேஎஃப்எஃப், தரம் 'கௌரவமானது', மறுசேர்ப்புக் குறியீடு (மீண்டும் படையில் சேரத் தகுதி உண்டா என்பதைக் காட்டுவது) ஆர்இ-1ஜே. தரத்தை மட்டும் கேட்டால், காரணக் கட்டத்தில் பழைய வாசகம் தங்கிவிடக்கூடும்; வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உண்மையில் காட்டிக்கொடுப்பது அதுதான். கோப்பில் வேறு ஒழுங்கீனக் குற்றச்சாட்டும் இருந்தால் இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டும்.