யூனிட் என்றால் என்ன? மீட்டரின் சிவப்பு விளக்கைக் கொண்டு வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

கோடையிலும் என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மின்விசிறியை நிறுத்திவிடுவார்; கரண்ட் பில் ஏறிவிடும் என்பது அவருடைய அச்சம். அதே அவர் ஆறு மணிக்குக் குளிப்பதற்காக இருபது நிமிடம் முன்னதாகவே கீசரைப் போட்டுவைப்பார். இவ்விரண்டில் எது அதிகம் இழுக்கிறது என்று அவருக்குக் கணக்கோடு சொல்ல விரும்பி, எங்கள் வீட்டு மீட்டரை வைத்தே அளந்து கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஒருமுனை இணைப்பும் மின்னணு மீட்டரும் உள்ள வீட்டுக்கு இது பொருந்தும்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் ‘யூனிட்’ என்று சொல்வது ஒரு கிலோவாட் மணி. பிரிட்டனில் இந்த அளவை ‘போர்டு ஆஃப் ட்ரேட் யூனிட்’ என்று வழங்கினார்கள். அதன் கடைசிச் சொல்தான் நம் நாவில் தங்கிவிட்டது. வாட் என்பது திறன், அதாவது ஒரு கருவி அந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறது என்பது. யூனிட் என்பது ஆற்றல், அதாவது அந்த வேகத்தில் இழுத்து முடித்த மொத்தம். பலர் இதைக் ‘கிலோவாட்/மணி’ என்று வகுத்தல் குறியிட்டு எழுதுகிறார்கள், அது தவறு. இது பெருக்கல். நான்கு பேர் இரண்டு நாள் நடவு நட்டால் எட்டு ஆள் கூலி என்று கணக்குப் பார்ப்பதைப் போல, 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினாலும் 100 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரே ஒரு யூனிட்தான்.

இனி அளக்கலாம். மீட்டரின் முகப்பில் ‘3200 இம்ப்/கேடபிள்யூஎச்’ (imp/kWh; கேடபிள்யூஎச் என்பது கிலோவாட் மணியின் சுருக்கம்) என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதன் அருகிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் செலவாகிவிட்டது என்பதே அதன் பொருள். ஒரு யூனிட் என்பது 1000 வாட் × 3600 வினாடி, அதாவது 36,00,000; அதை இந்த எண்ணால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். 3200க்கு 1125 வரும். சிமிட்டல்களின் எண்ணிக்கையை 1125ஆல் பெருக்கி, அதற்கு ஆன வினாடிகளால் வகுத்தால் வீடு அப்போது இழுக்கும் வாட் கிடைத்துவிடும். மீட்டரைத் தொடவோ அதன் முத்திரையில் கைவைக்கவோ கூடாது, பார்த்தால் போதும்.

முதல் படியில் எதையும் ஓட்டாமல் அளக்க வேண்டும். இதைத் தவிர்த்ததால் எனக்கு முதல் நாள் கணக்கு முழுவதும் பிழையாகிவிட்டது. எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் தன் பேட்டரிக்கு மின்னேற்றிக்கொண்டிருந்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே பேட்டரி நிறைந்த பிறகு தொடங்குங்கள். அதன் பிறகும் எங்கள் வீட்டில் பத்து சிமிட்டலுக்கு 450 வினாடிகள் ஆயின. அதாவது 25 வாட் எப்போதும் போய்க்கொண்டிருந்தது. இதை அடிச்சுமை என்று குறித்துக்கொண்டேன். அடுத்து மின்விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓட்டியபோது பத்து சிமிட்டலுக்கு 112 வினாடிகள் ஆயின. மொத்தம் ஏறத்தாழ 100 வாட். அடிச்சுமையைக் கழித்தால் மின்விசிறிக்கு 75 வாட். பத்தாவது சிமிட்டல்வரை எண்ண வேண்டும் என்றால், கடிகாரத்தைத் தொடங்கும் சிமிட்டலைப் பூச்சியம் என்று எண்ணுங்கள்.

இரவு எட்டு மணி நேரம் மின்விசிறி ஓடினால் 0.6 யூனிட். 2000 வாட் கீசர் இருபது நிமிடம் சூடேற்றினால் ஏறத்தாழ 0.67 யூனிட். காகிதத்தில் எழுதிக் காட்டிய அன்றிலிருந்து என் தாயார் மின்விசிறியை விடியும்வரை ஓடவிடுகிறார். அவருடைய தூக்கம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது எனக்குப் பெரிய நிறைவு.

குளிர்சாதனப் பெட்டியில்தான் நான் நெடுநேரம் தடுமாறினேன். அதே முறையில் அளந்தபோது 150 வாட் வந்தது. நாள் முழுவதும் இணைப்பில் இருக்கும் பொருள் ஆயிற்றே என்று 24ஆல் பெருக்கினேன், நாளுக்கு 3.6 யூனிட், தமிழ்நாட்டில் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதக் கணக்கில் 216 யூனிட். எங்கள் வீட்டின் மொத்தச் செலவே 290 யூனிட்தான் என்பதால் இது நடக்க முடியாத எண். சூத்திரத்தை மூன்று முறை சரிபார்த்தும் பிழை அகப்படவில்லை. பிறகு இரவில் அதன் அருகே உட்கார்ந்திருந்தபோது உறுமல் நின்று, வெகுநேரம் கழித்து மீண்டும் தொடங்குவதைக் கேட்டேன். நான் அளந்தது கம்ப்ரசர் ஓடும்போதுள்ள திறனை. அது நாள் முழுவதும் ஓடுவதில்லை. வாட் சரியாக இருந்தது, மணிதான் தவறு. நாங்கள் ஊருக்குப் போன ஒரு நாளில் அந்தப் பெட்டியை மட்டும் ஓடவிட்டு, 24 மணி நேர இடைவெளியில் இரு முறை ரீடிங் குறித்தேன். வித்தியாசம் 1.9, அடிச்சுமைக்கு 0.6 போக மீதி 1.3 யூனிட். அயர்ன் பாக்ஸ், ஏசி, கீசர் போலத் தானே நின்று தானே தொடங்கும் எதையும் இப்படி ரீடிங் வித்தியாசத்தால்தான் அளக்க வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, செல்பேசியின் ஸ்டாப்வாட்சும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும் என்பதே என் உறுதியான கருத்து. கம்பியைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரண வகை வாட்டைக் காட்டாது, ஆம்பியரைத்தான் காட்டும், அதை 230 வோல்ட்டால் பெருக்கினால் மோட்டார் உள்ள கருவிகளுக்கு உண்மையான வாட்டைவிடக் கூடுதலான எண்தான் கிடைக்கும்.

பிற்சேர்க்கை 1: ரீடிங் பல மாதங்களாக 2.4 என்றே நிற்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மீட்டரின் திரை தானாக மாறிக்கொண்டே இருக்கும். அவர் பார்த்தது அதிகபட்சத் தேவையை, அதாவது வீடு இழுத்த உச்சத் திறனைக் காட்டும் கிலோவாட் எண். ஓரத்தில் ‘கேடபிள்யூஎச்’ என்று தெரியும் திரையில் உள்ளதை மட்டுமே குறிக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: சுழலும் தட்டு உள்ள பழைய மீட்டரில் ‘ரெவ்/கேடபிள்யூஎச்’ என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, சிமிட்டலுக்குப் பதிலாகத் தட்டின் கறுப்புக் கோடு முன்னே வருவதை எண்ணினால் அதே சூத்திரம் பொருந்தும்.

பிற்சேர்க்கை 3: ஒன்றரை டன் ஏசி எத்தனை யூனிட் என்று பலர் கேட்கிறீர்கள். டன் என்பது அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் வேகம். ஒரு டன் ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பம். அதிலிருந்து மின்செலவை நேராகக் கணக்கிட முடியாது. நட்சத்திர ஒட்டியில் அச்சிட்ட ஆண்டு யூனிட்டைப் பாருங்கள்; அது ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்ட கணக்கு என்பதால், உங்கள் வீட்டில் ஓடும் மணிக்கேற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.