பிரிண்டரை ‘ரீசெட்’ பண்ணுவதற்கு முன்னால்

“அண்ணா, ரீசெட் போட்டுட்டன். இப்ப வடிவா அடிக்குது.”

போன கிழமை எங்கள் பிரிண்டர் திருத்தும் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி இப்படிச் சொன்னான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் வந்த கோபம் இல்லை. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு கடையில் வேலை பழகிய காலத்தில் நானும் இதே வசனத்தை, இதே சிரிப்போடு, எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று கீழே வரும்.

வயர் கழன்று கிடந்தது, பேப்பர் போட மறந்தது போன்றவற்றை நான் எழுதப் போவதில்லை. அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எந்த ரீசெட் என்று கேட்காமல் இறங்குவது

“பிரிண்டர் ரீசெட் பண்ண எவ்வளவு?” என்று தினமும் இரண்டு பேராவது போன் எடுத்துக் கேட்கிறார்கள். எது என்று திருப்பிக் கேட்டால், இவனுக்கு வேலை தெரியாதோ என்று யோசிக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நாலு வேலை இருக்கிறது. கரண்டைக் கழற்றிப் போடுவது ஒன்று. கொம்பியூட்டரில் தேங்கி நிற்கும் வேலைகளை அழிப்பது இன்னொன்று. கம்பனியில் இருந்து வந்த நிலைக்கே எல்லாவற்றையும் திருப்புவது மூன்றாவது. உள்ளே ஓடும் கணக்குகளை, அதாவது மைப்பஞ்சுக் (கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு) கணக்கு, டிரம் (லேசர் பிரிண்டரின் உருளை) கணக்கு போன்றவற்றை, பூச்சியமாக்குவது நாலாவது. முதலாவதால் சுகமாகிற வருத்தத்துக்கு மூன்றாவதைக் கொடுத்துவிட்டு, பிறகு எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

முதலாவதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். பிரிண்டர் சிக்கி நிற்கும்போது, ஓனில் இருக்கும்போதே பின்பக்க வயரைக் கழற்றுங்கள். சுவரில் இருந்தும் கழற்றுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, மல்டிபிளக் எதுவும் இல்லாமல் நேரே சுவரில் செருகிப் பாருங்கள். லேசர் பிரிண்டர் என்றால் சின்ன யூபிஎஸ்ஸில் செருகவே வேண்டாம். சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்டை அந்தப் பெட்டி தாங்காது.

தினமும் சுவர் சுவிட்சில் நிறுத்துவது

மேலே சொன்ன ஒரு நிமிட வைத்தியத்தைச் சிலர் பழக்கமாகவே ஆக்கிக்கொள்கிறார்கள். மை பிரிண்டருக்கு இது கூடாது. பிரிண்டரிலேயே உள்ள பட்டனை அழுத்தி நிறுத்தினால், மை துப்பும் ஹெட் தன் மூலைக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்காரும். சுவரில் பட்டென்று நிறுத்தினால் சில நேரம் நடுவழியில் திறந்தபடியே நின்றுவிடும். மை காய்ந்து துளை அடைக்கும்.

2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளும் வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் எங்கள் மேசையில் காய்ந்த ஹெட்டுகள் வரிசையாகக் கிடந்தன. அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், அப்படியே நாலைந்து நாள் கவனிக்காமல் விடப்பட்டவை. கரண்ட் வந்ததும் ஒரு தரம் ஓன் பண்ணி, பட்டனில் நிறுத்தியிருந்தால் பாதிக்கு மேல் தப்பியிருக்கும்.

வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு எடுக்கும் ஒரு சேர், இரவில் வகுப்பு மண்டபத்தின் மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டுப் போவார். காலையில் டியூட் (வகுப்புக் குறிப்பு) அடிக்கும்போது கோடு கோடாக விழும். உடனே ஹெட் கிளீனிங், இன்னொரு கிளீனிங், அதுவும் போதாமல் பவர் கிளீனிங். ஒவ்வொரு கிளீனிங்கிலும் நல்ல மை உறிஞ்சப்பட்டுக் கழிவாகிறது. அந்தக் கழிவு எங்கே போகிறது என்று அவரிடம் கேட்டேன். “அது காஞ்சு போகும்தானே?” என்றார்.

பஞ்சை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் அழிப்பது

காய்ந்து போவதில்லை. அதுதான் விஷயம்.

இப்போது வீடுகளிலும் போட்டோகொப்பிக் கடைகளிலும் அதிகம் இருப்பது போத்தலில் மை ஊற்றும் டாங்க் பிரிண்டர்கள். சில வருடம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் லைட்டுகள் மாறி மாறி மின்னும். எப்சன் என்றால் கொம்பியூட்டரில், இங்க் பேட் (மைப்பஞ்சு) ஆயுள் முடிந்துவிட்டது என்று வரும். கெனனின் பழைய ஜி வகைகளில் 5பி00 என்று காட்டும். அதன்பின் ஒரு பக்கமும் அடிக்காது.

கிளீனிங்கில் உறிஞ்சப்படும் மை, ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. பஞ்சு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம்; தொட்டால் தடித்த கம்பளித் துண்டு மாதிரி இருக்கும். அந்தப் பஞ்சு எவ்வளவு ஈரம் என்று பிரிண்டருக்குத் தெரியாது. இந்தச் சாதாரண வகைகளில் அதை அளக்கிற சென்சர் இல்லை. எத்தனை தரம் கிளீன் செய்தது, தரத்துக்கு எவ்வளவு மை என்று மனக்கணக்காக எழுதிக்கொண்டே வரும். கணக்கு 100 வீதம் ஆனதும் நின்றுவிடும். சீட்டுப் பிடிக்கிற அக்கா கொப்பியில் எழுதி வைப்பது மாதிரித்தான். கொப்பியில் உள்ளதை அழிறப்பரால் அழித்துவிட்டால் கட்ட வேண்டிய காசு இல்லாமல் போய்விடுமா?

நான் அழித்தேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன், கொட்டாஞ்சேனையில் ஒரு நொத்தாரிசு ஐயாவின் கந்தோரில். பிரிண்டரை இரும்பு அலுமாரியின்மேல் வைத்திருந்தார்கள். மடிக்கணினியைச் செருகி, மென்பொருளை ஓடவிட்டு, கணக்கைப் பூச்சியமாக்கினேன். ஐந்து நிமிட வேலை, 1,500 ரூபா, பிளேன்டியும் தந்தார்கள். பஞ்சைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. வேலை செய்கிறதே, பிறகென்ன?

பத்து மாதம் கழித்து ஐயாவே போன் எடுத்தார். “தம்பி, மழை இல்ல. ஆனா அலுமாரிக்குள்ள ஒழுகுது.”

போய்ப் பார்த்தேன். கழிவு மைக்குக் கறுப்பு, நீலம் என்று தனி நிறம் கிடையாது. எல்லாம் கலந்து, கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஒரு கறுப்பு. ஓரங்களில் மட்டும் பச்சையாகப் பிரிந்திருக்கும். அது பிரிண்டரின் அடிவழியாக இறங்கி, அலுமாரியின் மேல்தகட்டில் குளமாக நின்று, மூலையில் இருந்த திருகாணித் துளை வழியாக மேல்லாச்சிக்குள் சொட்டியிருந்தது. லாச்சிக்குள் கட்சிக்காரர்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன காணி உறுதிகள். மூன்று உறுதிகள் நனைந்திருந்தன. மடித்து வைத்த கடதாசி என்பதால், விரித்தபோது ஒவ்வொரு மடிப்பிலும் அதே கறை திரும்பத் திரும்ப இருந்தது. எல்லை விபரம் எழுதிய இடத்தில் வடக்கு இருந்தது, கிழக்கு இல்லை.

ஐயா ஏசவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் மூன்று உறுதிகளின் இலக்கத்தையும் திகதியையும் எழுதித் தந்து, “காணிப் பதிவகத்தில பிரதி எடுத்துக்கொண்டு வாரும்” என்றார். எத்தனை நாள் அலைந்தேன், எவ்வளவு செலவு என்பதை விடுங்கள். அந்த 1,500 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது, இந்த வேலையை இப்போது வீட்டுக்கு வராமலே செய்கிறார்கள் என்பதற்காகத்தான். தூரத்தில் இருந்தபடியே உங்கள் கொம்பியூட்டருக்குள் நுழைந்து, கணக்கை அழித்து, காசை வங்கிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். தூரத்தில் இருந்து கணக்கை அழிக்கலாம். பஞ்சை எப்படி மாற்றுவார்கள்? “இன்னும் ஒண்டு ரெண்டு தரம் ரீசெட் பண்ணலாம், பயமில்ல” என்று சொல்வதையும் என் காதால் கேட்டிருக்கிறேன். பிரிண்டருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? தேக்கு மேசையா, பிள்ளையின் பாடக் கொப்பியா?

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் பஞ்சு, பிறகு கணக்கு. எப்சன் எல் வகைகள் பலவற்றில் பின்பக்கத்தில் ஒரு திருகாணியைக் கழற்றினால் பஞ்சுப் பெட்டி வெளியே வரும். கெனனின் பழைய ஜி வகைகளில் அவ்வளவு சுலபம் இல்லை, பழகியவர் கை வேண்டும். புதிய வகைகள் சிலவற்றில் இந்தத் தொல்லையே கிடையாது. எப்சன் எல்6170, கெனன் ஜி3020 போன்றவற்றில் கழிவு மைக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. நிரம்பினால் நீங்களே கழற்றிப் புதியதைப் போடலாம். வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், முழுக்கக் காய்ந்தால். கடற்காற்று அடிக்கிற வெள்ளவத்தையில், அதுவும் மழைக்காலத்தில், அந்தத் தடிப்பான துண்டின் நடுப்பகுதி காய எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் புதிதுதான் போடுவேன். சிலர் குழாயை வெளியே இழுத்து ஒரு போத்தலில் விடுவார்கள். நாள் முழுக்க ஆள் நிற்கும் போட்டோகொப்பிக் கடைக்கு அது சரி. தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

கடைக்குக் கொண்டு போகும்போது த்ரீவீலில் பிரிண்டரைச் சரித்துப் பிடிக்காதீர்கள். திருப்பி எடுக்கும்போது, “பழைய பஞ்சைக் காட்டுங்கோ” என்று கேளுங்கள். காட்டாவிட்டால் மாற்றவில்லை.

இன்னொன்று. கணக்கு அழிக்கும் மென்பொருள் இலவசம் என்று வலையில் கிடைப்பதை எடுத்து ஓடவிடாதீர்கள். அவற்றில் பல, முதலில் வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லும். ஏன் நிறுத்தச் சொல்கிறது?

தம்பியிடம் அன்று ஒன்றும் விளக்கவில்லை. அவன் ரீசெட் போட்ட பிரிண்டரின் பின்திருகாணியைக் கழற்றி, பஞ்சுப் பெட்டியை அவன் கையில் வைத்தேன். துவைத்துப் பிழியாத சாரம் மாதிரிப் பாரமாக இருந்தது. அவன் விரல் மூன்று நாள் ஊதாவாகவே இருந்தது.

குறித்து வைக்காமல் எல்லாவற்றையும் அழிப்பது

கோட்டைப் பக்கம், துறைமுகச் சரக்கை விடுவிக்கும் ஒரு கிளியரிங் கந்தோரில், ஒரு கொம்பியூட்டரில் மட்டும் பிரிண்டர் ஓஃப்லைன் என்று காட்டியது. அங்கிருந்த ஒரு பிள்ளை மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டது. இப்போது பன்னிரண்டு கொம்பியூட்டரும் ஓஃப்லைன். ஸ்கேன் பண்ணி ஈமெயிலுக்கு அனுப்ப வைத்திருந்த முகவரிகளும் போச்சு. கப்பல் காத்துக்கொண்டு நிற்கிற நாளில்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். ரவுட்டர் அணைந்து திரும்ப ஓன் ஆனபோது பிரிண்டருக்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்துவிட்டது. அந்தக் கொம்பியூட்டர் பழைய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. மற்றவை வேறு வழியில் இணைக்கப்பட்டிருந்ததால் தப்பின. ரவுட்டருக்குள் போய், இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இதே எண் என்று ஒதுக்கிவிட்டால் பிரச்சினை அடங்கிவிடும்.

தொடக்க நிலைக்குத் திருப்பியே ஆக வேண்டும் என்றால், முதலில் மெனுவில் நெட்வொர்க் விபரப் பக்கத்தை அச்சடித்து எடுத்து வையுங்கள். முகவரிப் பட்டியலைப் போனில் படம் பிடியுங்கள். திரும்ப வைஃபையில் சேர்க்கும்போது, ரவுட்டரில் இரண்டு பெயர் தெரிந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 5 தெரியாது.

பழைய பிரிண்டரை விற்கும்போதுதான் இந்த ரீசெட் கட்டாயம். அப்போது பார்த்து ஒருவரும் செய்வதில்லை. உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் சேர்ந்து விலைபோகிறது.

கியூவில் சிக்கிய வேலைக்குப் பிரிண்டரை அடிப்பது

தப்பு கொம்பியூட்டரில். விண்டோஸில் சேர்விசஸைத் திறந்து, அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அங்கே உள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. ஸ்பூலரைத் திரும்ப ஓடவிடுங்கள். ஆப்பிள் மெக்கில் பிரிண்டிங் சிஸ்டத்தை ரீசெட் செய்தால் சேர்த்து வைத்த எல்லாப் பிரிண்டரும் போய்விடும், கவனம்.

டோனரை மாற்றிவிட்டு டிரம் கணக்கை அழிப்பது

பிரதர் லேசர்களில் டோனர் (மைத்தூள்) வேறு, டிரம் வேறு. எச்எல்-எல்2300 வரிசையின் டிரம் ஏறக்குறைய 12,000 பக்கம் ஓடும். புது டிரம் போட்டால் மட்டும் அந்தக் கணக்கைக் கையால் பூச்சியமாக்க வேண்டும். எச்சரிக்கை லைட் தொந்தரவு தருகிறது என்று பழைய டிரம்மோடு அழித்தால், லைட் அணையும். பேப்பரில் வரும் கறுப்புப் புள்ளி அணையாது.

நமுத்த பேப்பருக்கு ரீசெட்

இரண்டு இரண்டாக இழுத்தால், புதுக் கட்டு ஒன்றை உடைத்துப் போட்டுப் பாருங்கள்.

லேசரின் பியூசர்

டோனரைப் பேப்பரில் உருக்கி ஒட்டுகிற பாகம். சூடு. அரை மணித்தியாலம் பொறுத்துத் திறவுங்கள்.