ஐயாவைப் பெற்றவள் யார்? செட்டிநாட்டில் வம்சம் தேடும் வழி

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், மஞ்சநீர் குடித்துத் தத்துப் பிள்ளையாகக் கண்டனூர் வீட்டுக்கு வந்தவர். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம். மஞ்சநீர் முடிந்த நிமிஷத்திலிருந்து அவன் இந்த வீட்டுப் பிள்ளை, பிறந்த வீட்டுப் பேச்சே எழாது. ஐயாவும் கடைசிவரை பேசவில்லை. "தேவகோட்டைப் பக்கம்" என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். 84 வயதில் என் அத்தை ஒருநாள், "எங்க அப்பச்சியப் பெத்தவ பேரு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார்கள். அந்த ஒரு பெயருக்காக மூன்று வருஷம் தேடினேன். அதில் கற்றதை, இதே மாதிரித் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேள்வியை ஒற்றை வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "எங்கள் வம்சம் முழுவதும் வேண்டும்" என்று கிளம்பினால் எங்கும் போய்ச் சேரமாட்டீர்கள். "ஐயா எந்த வீட்டில் பிறந்தார்?" என்று கேட்டால் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும், யாருக்கு டி.என்.ஏ. பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். டி.என்.ஏ. சோதனைக்கு அவசரப்பட வேண்டாம். காகிதத்தைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அது சொல்வது நமக்குப் புரியும்.

நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில். ஒவ்வொரு ஆணும் பிறந்த கோயிலிலேயே இருப்பார், பெண் கல்யாணமானதும் கணவர் கோயிலுக்குப் போய்விடுவாள். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, கோயில் கணக்கில் புள்ளி ஏறும். அதனால் கோயில் தெரிந்தாலே ஒன்பதில் எட்டுப் பங்குத் தேடல் குறைந்துவிடும். எங்களுக்குப் பிள்ளையார்பட்டி. பிள்ளையார்பட்டிக்காரர்களும் இரணியூர்க்காரர்களும் சகோதரர்கள் என்பதால் தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. ஐயாவைக் கூட்டியது பங்காளி வீட்டில் என்றால் அதுவும் பிள்ளையார்பட்டிக் கோயிலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்கினேன்.

அடுத்தது விலாசம். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகள் வெறும் இனிஷியல் இல்லை, தலைமுறை வரிசை. மெய். என்றால் மெய்யப்பன், லெ. என்றால் லெட்சுமணன், சித. என்றால் சிதம்பரம், பழ. என்றால் பழனியப்பன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்ப வரும். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பேரனைத் தாத்தா என்று நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மனைவியின் ஊரை எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

இனிப் பெட்டிகள். முற்றத்தைச் சுற்றி அறைகள் இருக்கும் வளவு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை உண்டல்லவா, அந்த அறைகளின் பரண்களில்தான் சரக்கு இருக்கும். கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவு கிடைத்தால் மாப்பிள்ளை, பெண், இருவரின் அப்பா, ஊர், கோயில் எல்லாம் ஒரே ஏட்டில் கிடைத்துவிடும். மொய்ப்பண ஏட்டை அலட்சியமாக ஒதுக்காதீர்கள். யார் எந்த ஊரிலிருந்து என்ன விலாசத்தில் வந்து மொய் எழுதினார்கள் என்று அதில் இருக்கும், இரண்டு மூன்று கல்யாண ஏடுகளை வைத்து ஒப்பிட்டால் திரும்பத் திரும்ப வரும் வீடு கண்ணில் படும். பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றையும்விட நம்பகமானது. சொத்து விஷயம் என்பதால் பங்குள்ள வாரிசு ஒருவரைக்கூட எளிதில் விட்டிருக்கமாட்டார்கள்.

பழைய கணக்கைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். தமிழ் வருஷம் மட்டும் ஏமாற்றும். பிங்கள வருஷம் என்றால் 1857-ஆ 1917-ஆ? கிழமையைப் பாருங்கள். 60 வருஷம் கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் விழாது, ஐந்து ஆறு நாள் தள்ளித்தான் விழும். தேதியோடு கிழமையும் எழுதியிருந்தால் பஞ்சாங்கத்தை வைத்து நூற்றாண்டைச் சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டில் அப்படிக் கிடைத்தது ஒரு வரி. செல்லரித்த பேரேடு, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. முற்றத்து வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது பிங்கள வருஷம் தை மாதப் பற்றில் "மஞ்சநீர் வகை" என்று தெளிவாக இருந்தது. அதாவது 1918 தொடக்கம். ஐயாவுக்கு அப்போது ஏழு வயது. அடுத்து வர வேண்டிய ஊர்ப் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுக்கு வெளியே தேடும்போது ஊர் எந்த ஆட்சியில் இருந்தது என்று பாருங்கள். அப்பத்தாவின் ராயவரம் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், கண்டனூர் பழைய ராமநாதபுரம் மாவட்டம், சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985-இல்தான். பத்து மைல் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களின் பழைய பதிவுகள் வெவ்வேறு இடத்தில் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திர நகலுக்கு மனுப் போடும்போது அந்தக் காலத்துத் தாலுகாப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களைத் தேட, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் பெரிய புதையல், இலவசம். கோர்ட் அறிவிப்பு, கடை மாற்றிய விளம்பரம் எல்லாவற்றிலும் விலாசத்தோடு பெயர் வரும். ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள், நாலையும் போட்டுத் தேட வேண்டும்.

சரி, டி.என்.ஏ. மூன்று வகை உண்டு. ஒய் சோதனை அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் வரிசையைக் காட்டும், கோயில் போகிற அதே பாதை. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி. அது ஒவ்வொரு தலைமுறையும் கோயில் மாறிப் போகும், எங்கள் கேள்விக்கு உதவாது. மூன்றாவது ஆட்டோசோமல், எல்லாப் பக்கமும் கலந்தது. இதில் உறவு சென்டிமார்கன் என்ற அளவில் வரும். முதல் தலைமுறை ஒன்றுவிட்ட சகோதரருக்குச் சராசரி 866, அடுத்த தலைமுறைக்கு 229, அதற்கடுத்து 73.

தலைமுறை இறங்க இறங்க இது பாதிபாதியாகக் கரையும். அதனால் வீட்டில் மூத்தவர் யாரோ அவருக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். கோலாலம்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தையிடம் எடுத்தோம். எச்சில் குழாயில் துப்பும் சோதனை வயதானவர்களுக்குச் சிரமம், வாய் காய்ந்திருக்கும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்க்கும் வகையை வாங்குங்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, காபி, வெற்றிலை கூடாது. அத்தைக்கு வெற்றிலையை விடுவதுதான் பெரிய பாடு.

முடிவில் மலேசியாவில் ஓர் இளைஞர், தம்பி என்றே சொல்கிறேன், பொருந்தினார், அத்தையோடு 238. எனக்கு அவரோடு 96 தான். 238 என்ற எண்ணுக்கு நாலைந்து உறவு பொருந்தும். அதைவிடப் பெரிய சிக்கல், நாம் நூற்றாண்டுகளாக ஒன்பது கோயிலுக்குள்ளேயே, அதிலும் அத்தை மகன் மாமன் மகள் என்று கட்டியவர்கள். எந்த இரண்டு நகரத்தாரை எடுத்தாலும் கொஞ்சம் பொருந்தக்கூடும். இதற்கு இரண்டு சோதனை வைத்துக்கொண்டேன். மொத்தத்தைப் பார்க்காமல் ஒத்துப்போகும் டி.என்.ஏ. துண்டுகளின் நீளத்தைப் பார்ப்பது ஒன்று. பத்து சென்டிமார்கனுக்குக் கீழே சின்னச் சின்னத் துண்டாக நிறைய இருந்தால் அது பழைய கலப்பு. முப்பது நாற்பது நீளத்தில் சில துண்டு இருந்தால் உறவு கிட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு 44 நீளத்தில் ஒன்று இருந்தது. இன்னொன்று, அப்பத்தா பிறந்த ராயவரத்து வீட்டில் ஒருவரைச் சோதித்துப் பார்ப்பது. அவர் அந்தத் தம்பியோடு பொருந்தவே இல்லை. ஆக, உறவு அப்பத்தா வழி இல்லை, ஐயா வழி.

பிறகு என் அண்ணனும் அந்தத் தம்பியும் ஒய் சோதனையில் 37 குறியீடு பார்த்தார்கள், 37-ம் ஒத்தன. இதை வைத்து மட்டும் வீட்டை முடிவு செய்யக் கூடாது. ஒரே கோயில்காரர்கள் பலருக்கு அப்படி ஒத்துப்போகலாம். இரத்த வரிசை கண்டனூர் வீட்டு விலாசத்தில் இல்லை என்பதால், நான் இப்போது இரண்டு மரம் வரைந்து வைத்திருக்கிறேன். கூட்டிய வீட்டு மரம் ஒன்று, பிறந்த வீட்டு மரம் ஒன்று. ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதுவது, ஏழு வயதில் ஐயாவை வளர்க்கத் தொடங்கியவர்களுக்குச் செய்யும் துரோகம்.

சோதனைக்கு முன் சம்மதம் கேளுங்கள். என்ன வந்தாலும் சரியா என்று அத்தையிடம் இரண்டு தடவை கேட்டேன். பொருந்தியவரின் குடும்பத்தாருக்குச் சொத்துக் கேட்டு வருகிறார்களோ என்ற பயம் இருக்கும். பழைய இந்து சட்டப்படி தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் வாரிசுரிமை இல்லை என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன், பேச்சு சுமுகமாகத் தொடங்கியது. மூல டேட்டாக் கோப்பை இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். 2023-இல் 23அண்ட்மீ-யில் 69 லட்சம் பேர் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது. நீக்கச் சொல்லும் வழி எங்கே என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் வீடு தெரிந்துவிட்டது, அந்தத் தம்பி குடும்பத்தின் தேவகோட்டை வீடுதான். ஆனால் அத்தை கேட்ட பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இசைகுடிமானத்தில் அப்பா பெயர் இருக்கும், பெற்றவள் பெயர் இருக்காது. பேரேட்டிலும் இல்லை. கடைசியில் அது படைப்பில் இருந்தது. முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் படைக்கும்போது, சுமங்கலியாகப் போன ஆச்சிகளைப் பெயர் சொல்லிச் சேலை வைத்துக் கும்பிடுவார்கள். அந்தத் தேவகோட்டை வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு பெயரைச் சொல்லிப் படைத்துக்கொண்டிருக்கிறார்கள். "கடைசி மகனைக் கண்டனூருக்குக் கொடுத்தவ" என்று அங்கே ஒரு பெரியாத்தா சொன்னார்கள்.

போனில் அத்தைக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இன்னொருதரம் சொல்லு" என்றார்கள். சொன்னேன். அப்புறம், அடுத்த படைப்பு எப்போது என்று கேட்டார்கள். கண்டாங்கிச் சேலை ஒன்று எடுக்க வேண்டுமாம், அரக்கு நிறத்தில்.