மொரீஷியஸில் நெட்வொர்க் அட்மின் ஆக: முதல் கேபிளிலிருந்து முதல் வேலை வரை

ரோஸ் ஹில்லில் எங்கள் தெருப் பையன் ஒருவன் எச்எஸ்சி முடித்த கையோடு வந்து, "தோந்தோன், நெட்வொர்க் அட்மின் ஆக எந்தப் புத்தகம் வாங்கணும்?" என்று கேட்டான். வயதில் மூத்த ஆண்களை இந்த ஊர்ப் பிள்ளைகள் தோந்தோன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் அலுவலகத்தின் கணினிகளை இணைத்து, அந்த இணைப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் நெட்வொர்க் அட்மின் வேலை. புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி, அவன் கையில் இரண்டு மீட்டர் கேபிளையும், கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலையும் கொடுத்தேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒரு கேபிளை நீங்களே செய்யுங்கள்

கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள், அதன் முனையில் மாட்டும் ஆர்ஜே-45 கனெக்டர்கள், கிரிம்பிங் டூல், சின்ன டெஸ்டர். இவ்வளவு போதும். மேலுறையை உரித்தால் உள்ளே நான்கு ஜோடி வயர்கள் முறுக்கிக்கொண்டு இருக்கும். கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568பி என்பது இந்த வரிசைதான். அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள்.

பையன் என்ன செய்தான் தெரியுமா? பச்சை ஜோடியைப் பிரிப்பானேன் என்று நினைத்து, வெள்ளை-பச்சைக்குப் பக்கத்திலேயே பச்சையை வைத்துவிட்டான். இரண்டு முனையிலும் அதே மாதிரி. டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிந்தது. லேப்டாப்பில் செருகினால் இன்டர்நெட்டும் வந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்தக் கேபிள் தவறானது.

காரணம் இதுதான். மூன்றாவது பின்னும் ஆறாவது பின்னும் சேர்ந்துதான் ஒரு ஜோடி. ஒரே ஜோடியின் இரண்டு வயர்கள் முறுக்கிக்கொண்டு ஓடும்போது, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் அது கழிந்துவிடும். அவன் செய்த கேபிளில் மூன்றும் ஆறும் வெவ்வேறு ஜோடிகளைச் சேர்ந்தவை. இரண்டு மீட்டரில் அது தெரியாமல் போகலாம். கூரைக்கு மேலே ஐம்பது மீட்டர் இழுத்துவிட்டால் லிங்க் விட்டுவிட்டு வரும், காரணம் பிடிபடாமல் நாள் கணக்கில் அலைவோம். சாதாரண டெஸ்டர் வயர் தொடர்ந்து போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எந்த ஜோடி என்று பார்க்காது. மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஐபி முகவரியைக் காகிதத்தில் போட்டுப் பழகுங்கள்

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. ஆப்பிரிக்கா முழுவதற்கும் இவற்றைப் பங்கிட்டுத் தரும் ஆஃப்ரினிக் அமைப்பின் தலைமையகம், ஐடி கம்பெனிகள் நிறைந்த நம் எபெனில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் முகவரிகள் தனி: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. பயிற்சிக்கு இவையே போதும்.

192.168.10.0/24 என்றால், முகவரியின் 32 பிட்டில் முதல் 24 நெட்வொர்க்குக்கு, மீதி 8 கருவிகளுக்கு; மொத்தம் 256 முகவரிகள். அவற்றில் முதல் முகவரி அந்த நெட்வொர்க்கையே குறிக்கும், கடைசி முகவரி எல்லோரையும் சேர்த்துக் கூப்பிடும் பிராட்காஸ்ட். மீதி 254-ஐத்தான் கருவிகளுக்குக் கொடுக்க முடியும். இதையே /26 ஆக்கினால் 64, 64-ஆக நான்கு துண்டுகள். தொடக்கம் 0, 64, 128, 192. சரி, 192.168.10.70 எந்தத் துண்டில் வரும்? 64-க்கும் 127-க்கும் இடையில், இரண்டாவது துண்டில். அதில் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, மொத்தம் 62. தினமும் பத்துக் கணக்கு, கால்குலேட்டர் இல்லாமல். மூன்று வாரத்தில் கை தானாகப் போடும்.

படி 3: பாக்கெட் ட்ரேசரில் ஒரு சிறு அலுவலகம்

நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் பாக்கெட் ட்ரேசர், கணினித் திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் மென்பொருள். அது இலவசம். பதிவு செய்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு சுவிட்ச் (ஒரே நெட்வொர்க்கின் கருவிகளை இணைக்கும் பெட்டி), இரண்டு பிசி வைத்து இணையுங்கள். 192.168.10.10, 192.168.10.20 என்று முகவரி கொடுத்து, மாஸ்க் 255.255.255.0 (/24-ஐ எழுதும் இன்னொரு முறை) போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிங் அடியுங்கள், அதாவது 'இருக்கிறாயா?' என்று கேட்கும் கட்டளையைக் கொடுங்கள். பதில் வரும். இப்போது இரண்டாவது பிசியின் முகவரியை 192.168.20.20 என்று மாற்றுங்கள். பதில் வராது. ஒரே சுவிட்ச், ஒரே கேபிள், ஆனாலும் வராது. அது வேறு நெட்வொர்க் ஆகிவிட்டது, நடுவில் நெட்வொர்க்குகளை இணைக்கும் ரவுட்டர் வேண்டும்.

இரண்டு பிசிக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்து, இரண்டு சுவிட்சையும் ரவுட்டரின் இரண்டு போர்ட்டுகளில் செருகுங்கள். போர்ட்டுகளுக்கு 192.168.10.1, 192.168.20.1 என்று கொடுத்து, பிசிகளில் அவற்றை கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாகப் போடுங்கள். அதற்குப் பிறகும் திரையில் இணைப்பின் மேல் தெரியும் சிவப்பு முக்கோணம் போகாது. சிஸ்கோ ரவுட்டரின் போர்ட் மூடியபடியேதான் வரும். 'நோ ஷட்டவுன்' கட்டளை கொடுத்தால்தான் திறக்கும். புதிதாக வருகிற எல்லோரும் இந்த இடத்தில் ஒரு முறை நிற்பார்கள். அப்புறம் பிங் அடித்தால் முதல் ஒன்றோ இரண்டோ தவறிவிட்டு மீதி வரும். பயப்பட வேண்டாம். அடுத்து யாரிடம் கொடுப்பது என்று கருவிகள் ஏஆர்பி மூலம் விசாரித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. மறுபடி அடித்தால் நான்கும் வரும்.

படி 4: கோளாறைக் கீழிருந்து மேலே தேடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையின் உயிரே இதுதான். "இன்டர்நெட் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், முதலில் போர்ட்டில் விளக்கு எரிகிறதா பாருங்கள். அடுத்து, விண்டோஸில் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை. முகவரி 169.254-இல் தொடங்கினால், முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபியிடமிருந்து எதுவும் கிடைக்காமல் விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது என்று அர்த்தம். முகவரி சரியென்றால் கேட்வேக்குப் பிங். அதுவும் வந்தால், வெளியே கூகிளின் முகவரியான 8.8.8.8-க்குப் பிங். அதற்குப் பதில் வந்தும் இணையதளம் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு, தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். ஒவ்வொரு படியிலும் பார்த்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலகத்தின் ஒரு மாடி முழுவதும் நெட்வொர்க் ஒரே நொடியில் நின்றுபோனது. நான் நேராக ரவுட்டரைப் போய் ரீஸ்டார்ட் செய்தேன். பிறகு, உள்ளே வருவதை வடிகட்டும் ஃபயர்வாலை. ஒரு மணி நேரம் வீணானது. கடைசியில் மூத்தவர் ஒருவர் வந்து, சுவிட்சின் விளக்குகளை மட்டும் பார்த்தார். எல்லாம் ஒரே வேகத்தில், மூச்சுவிடாமல் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு மேசைக்கு அடியில் சின்ன சுவிட்ச் ஒன்று; தொங்கிக்கொண்டிருந்த கேபிளை யாரோ நல்லெண்ணத்தில் அதே சுவிட்சில் செருகிவிட்டிருந்தார்கள். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில். பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வந்து அந்த மாடியின் நெட்வொர்க்கையே மூழ்கடித்துவிட்டது. இதைத் தடுக்கத்தான் 1985-இல் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார்; இப்படிச் சுற்று விழுந்தால் சுவிட்சுகளே ஒரு வழியை அடைத்துவிடும். மேசைக்கடியில் இருந்த மலிவுப் பெட்டியில் அது இல்லை. விளக்கிலிருந்து தொடங்கியிருந்தால் பத்து நிமிட வேலை.

படி 5: படிப்பும் சான்றிதழும்

ரெட்வியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாயிண்ட் ஓ சாப்லில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2019-இல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணத்தை நீக்கினார்கள். முடிந்தால் பட்டம் படியுங்கள். டிப்ளமா படித்தவர்களும் நல்ல அட்மின்களாக இருப்பதைப் பார்க்கிறேன். அதோடு சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ. 120 நிமிடத் தேர்வு, கட்டணம் 300 டாலர், மூன்று ஆண்டு செல்லும். சின்னத் தொகை இல்லை. அதனால் நான்கு படிகளையும் முடித்த பிறகே பணம் கட்டுங்கள். வினா-விடைகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுகிறார்கள். எங்களுக்கு அதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

படி 6: வேலை எப்படி இருக்கும்

முதல் வேலை பெரும்பாலும் ஹெல்ப் டெஸ்க்காக இருக்கும். தயங்காமல் போங்கள். ஒரு நாளில் இருபது பேருடைய கோளாறைக் கேட்கிற இடம் வேறு எது? எபெனில் பல கம்பெனிகளுக்கு பிரான்ஸில் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய கோடையில் அவர்கள் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால், அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்று. அவர்கள் வேலையை முடித்த பிறகுதான் பெரிய மாற்றங்களைச் செய்ய முடியும். அப்போது நமக்கு இரவு. போனில் பிரெஞ்சு, மின்னஞ்சலில் ஆங்கிலம், பக்கத்து மேசையில் கிரியோல். "ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது?" என்று பாரிஸிலிருந்து கேட்டால் சொல்லக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேர்கோட்டில் சுமார் 9,400 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரக் குறைந்தது 94 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே அதைவிட அதிகம்தான் ஆகும்.

அப்புறம் புயல். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரியைச் சோதிப்பது, கருவிகளில் போட்ட அமைப்புகளின் (கான்ஃபிகரேஷன்) நகலை வெளியே ஓரிடத்தில் வைப்பது, வீட்டிலிருந்து விபிஎன் என்னும் பாதுகாப்பான இணைப்பு வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய முடிகிறதா என்று பார்ப்பது, தரையில் இருக்கும் பெட்டிகளை மேலே தூக்கி வைப்பது. கழற்றும் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும், எந்த சுவிட்ச், எந்தப் போர்ட் என்று எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். காற்று ஓய்ந்த மறுநாள் காலையில், அதைத் திரும்பச் செருகுகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.