வேலை மாறிய பிறகு ரைபிள்: சேலத்தில் இருந்து தொடங்குபவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வேலையை நாம் விட்ட பிறகோ, வேலை நம்மை விட்ட பிறகோ, அடுத்து என்ன என்று தெரியாத ஒரு காலம் வரும். அந்தக் காலத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் பல வருடம் வாகனக் கடன் விற்கும் வேலையில் இருந்தேன். மாதக் கடைசியில் மேலே இருந்து ஓர் எண் வரும். அதை எட்டினால் அடுத்த மாதம் அதைவிடப் பெரிய எண். இப்போது செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கும் ஆர்டரும் பார்க்கிறேன். வருமானம் முன்னைவிடக் குறைவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடப் பழகும் இடத்தில், புதியவர்கள் பக்கத்தில் நிற்கிறேன். அந்த நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் என்று தோன்றும் அளவுக்கு அது என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் என்பதைச் செய்முறையோடு சேர்த்தே சொல்கிறேன்.

முதல் படி: இடமும் சட்டமும்

நீண்ட தூரம் சுட வேண்டும் என்ற ஆசையோடுதான் எல்லோரும் வருகிறார்கள். ஆனால் நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்குத் திறந்திருக்கும் வாசல், காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிள்தான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பிரிவில்தான். கடைசி ஷாட்டில் அவர் எடுத்தது 10.8. ஒரு ஷாட்டுக்கு முழு மதிப்பெண்ணே 10.9.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத பேரல் துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் உரிமம் கட்டாயம். ஆனாலும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். மாவட்ட ரைபிள் கிளப்பில் விசாரித்து, உறுப்பினராகி, கிளப்பில் இருக்கும் துப்பாக்கியில் சில மாதம் சுடுங்கள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைபிள்கள் லட்சக்கணக்கில் விலை போகும். உங்கள் கை நீளமும் கழுத்து நீளமும் பயிற்சியாளருக்குப் பழகிய பிறகு வாங்கினால் பணம் வீணாகாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு மலை கண்ணெதிரே இருப்பதால், அடிவாரத்திலோ கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேயோ ஒரு பாறையை வைத்துச் சுட்டுப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. சேர்வராயன் மலையில் காப்புக்காடு நிறைய. காட்டு மாடு நடமாடும் இடம். ஏர் ரைபிளோடு காட்டுக்குள் நுழைந்தாலே வனத்துறை வழக்குப் போட இடம் உண்டு. அது நியாயமும்கூட. பாறையில் பட்ட பெல்லட், அதாவது ஏர் ரைபிளின் சின்னக் குண்டு, எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுடுவது ரேஞ்சில் மட்டும்.

இரண்டாவது படி: துப்பாக்கியைத் தொடும் முன்

எந்தத் துப்பாக்கியையும் லோட் ஆனதாகவே நினைத்துக் கையாளுங்கள். பேரலின் வாய் எப்போதும் டார்கெட் பக்கம். சுடத் தயாராகும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. சுடாத நேரத்தில் பேரலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு. யாராவது முன்னால் போகும்போது துப்பாக்கி மேசையில் இருக்க வேண்டும், உங்கள் கை அதன்மேல் இருக்கக் கூடாது. ‘ஸ்டாப்’ என்ற சத்தம் கேட்டால், டிரிகர் பாதி அழுந்திய நிலையிலும் நிறுத்த வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்கு முன் டீயும் வேண்டாம், தட்டுவடையும் வேண்டாம்.

எந்தக் கண் உங்களை வழிநடத்தும் கண் என்றும் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண ஓட்டை விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகத் தூரத்தில் ஒன்றைப் பாருங்கள். மொட்டைமாடியில் நின்றால் மலை உச்சியில் தெரியும் டவர் போதும். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது டவர் மறைகிறதோ, அதுதான் வழிநடத்தும் கண். வலது கைக்காரருக்கு இடது கண் வழிநடத்தினால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு வழி இருக்கிறது.

மூன்றாவது படி: நிற்பது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வலது கைக்காரருக்குச் சொல்கிறேன். டார்கெட்டுக்கு உங்கள் இடது தோள் தெரியும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலத்துக்கு இருக்கட்டும். இடது இடுப்பை டார்கெட் பக்கம் கொஞ்சம் தள்ளி, இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேலோ விலாவின் மேலோ ஊன்றுங்கள். முதுகு லேசாகப் பின்னால் சாயும். ரைபிளின் கனம் முன்கை எலும்பு வழியாக இடுப்புக்கும், இடுப்பு வழியாகப் பாதத்துக்கும் இறங்க வேண்டும். விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அதைத் தசையால் தூக்கினால் பத்து ஷாட்டில் கை நடுங்கும். எலும்பில் நிறுத்தினால் 60 ஷாட்டும் நிற்கும். தலையை ரைபிளுக்குக் குனியாதீர்கள். ரைபிள் கன்னத்துக்கு வரட்டும்.

இப்போது கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விடுங்கள். திறந்து பாருங்கள். சைட், அதாவது குறிபார்க்கும் வளையம், டார்கெட்டுக்கு வலது பக்கம் போயிருந்தால், கையால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவர மனம் துடிக்கும். அதைச் செய்யாதீர்கள். பாதத்தைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மறுபடி கண்ணை மூடித் திறங்கள். உடல் தானாக எங்கே போய் நிற்கிறதோ, அந்த இடமும் டார்கெட்டும் ஒன்றாகும்வரை ஒரு ஷாட்கூட வேண்டாம். புதியவர்கள் இதைத் தாண்டி ஓடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பல வருடம் எண்ணைத் துரத்திய நமக்கு, எதையும் இழுத்துப் பிடித்துச் சரிசெய்வதே பழக்கம். இங்கே அந்தப் பழக்கம் செல்லாது.

நான்காவது படி: சைட், மூச்சு, டிரிகர்

பின் சைட்டின் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் முன் சைட்டின் வளையம் தெரியும். அதற்குள் டார்கெட்டின் கருப்பு வட்டம். மூன்றும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். கண்ணின் கூர்மை முன் வளையத்தில் இருக்கட்டும், டார்கெட் கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு கறார்? 10 மீட்டர் டார்கெட்டில் பத்து என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. 4.5 மில்லிமீட்டர் பெல்லட் அதை விளிம்பால் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் நடு, டார்கெட்டின் நடுவில் இருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். இரண்டு சைட்டுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 0.2 மில்லிமீட்டர் விலகினால் டார்கெட்டில் 2.5 மில்லிமீட்டர் விலகிவிடும்.

மூச்சை இழுத்து, விட்டு, பாதிக்கு மேல் வெளியே போனதும் இயல்பாக நிறுத்துங்கள். எட்டுப் பத்து நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் ரைபிளை இறக்குங்கள். இறக்குவது தோல்வி இல்லை. போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், தாராளமாகப் போதும். டிரிகரை நேராகப் பின்னால், மெல்ல. ஷாட் போன பிறகும் இரண்டு நொடி அப்படியே நில்லுங்கள். உடனே தலையைத் தூக்குபவர், ஷாட் போவதற்கு முன்பே தூக்கத் தொடங்கிவிடுவார்.

ஐந்தாவது படி: ஷாட்டை கால் பண்ணுவது

என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாப் படியும் இதற்காகத்தான். ஷாட் போன கணமே, டார்கெட்டைப் பார்க்காமல், பெல்லட் எங்கே பட்டிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரிகர் விழுந்த அந்த நொடியில் வளையம் எங்கே இருந்தது என்று கண் பிடித்து வைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பழக வேண்டும்.

எங்கள் ரேஞ்சுக்கு உருக்காலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது என்று மகள் கூட்டிவந்து விட்டிருந்தார். முதல் வாரங்களில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மோட்டார் சுவிட்சை அழுத்தி, காகிதம் கம்பியில் ஓடி வருவதற்குள் எட்டி எட்டிப் பார்ப்பார். பயிற்சியாளர் அவர் கையை சுவிட்சில் இருந்து மெதுவாக எடுத்தார்.

“பாக்காதீங்கய்யா. முதல்ல எங்க போச்சுன்னு சொல்லுங்க.”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “எட்டு இருக்குங்க சார். வலது கைப்பக்கம், கொஞ்சம் கீழ.”

காகிதம் கம்பியில் கிறீச்சிட்டபடி வந்து நின்றது. நாலு மணி திசையில், ஓரம் பிசிறிய ஓட்டை, எட்டாம் கோட்டைத் தொட்டுக்கொண்டு. பெரியவர் அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

“பத்து போட்டுட்டு ஏன் போட்டோம்னு தெரியாம நிக்கறத விட, இந்த எட்டு எவ்வளவோ மேலுங்கய்யா,” என்றார் பயிற்சியாளர்.

பெரியவருக்கு நடந்ததே எனக்கும் நடந்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். பழைய வேலையில் நான் சரியாகச் செய்தேனா என்பதை எப்போதும் வேறொருவர்தான் சொன்னார், அதுவும் மாதம் முடிந்த பிறகு. இங்கே முடிவு தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். சொன்னதும் பட்டதும் ஒன்றாக இருந்தால், ஏழு விழுந்தாலும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பட்டறைக்கு வந்த பிறகும் அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன்: பார்ப்பதற்கு முன் சொல், இன்று செய்தது எப்படி?

ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு கட்டம்: சொன்னது, பட்டது. மதிப்பெண்ணைக் கூட்டவே வேண்டாம். ஐந்து ஷாட் நீங்கள் சொன்ன இடத்திலேயே சேர்ந்து விழுந்து, அந்தக் கூட்டம் மட்டும் நடுவில் இருந்து தள்ளி இருந்தால், அப்போதுதான் பின் சைட்டைத் திருப்ப வேண்டும். கூட்டம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஒற்றை ஷாட்டை நம்பி சைட்டின் திருகை ஒரு கிளிக்கும் திருப்ப வேண்டாம்.

வீட்டில்

பெல்லட் இல்லாத பயிற்சிதான் உண்மையான பயிற்சி. 10 மீட்டரில் கருப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர். சுவரில் 9 மில்லிமீட்டர் கருப்புப் பொட்டு ஒட்டி 3 மீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்கு அதே அளவு தெரியும். தினமும் கால் மணி நேரம் நில்லுங்கள், கண்ணை மூடித் திறங்கள், மூச்சை விடுங்கள். சொந்த ரைபிள் வாங்கியவர்கள், அதில் வெறும் டிரிகர் பயிற்சிக்கு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே பாழாகும்.

ஆறாவது படி: 50 மீட்டரும் அதற்கு அப்பாலும்

நோட்டில் பெரும்பாலான ஷாட் சொன்ன இடத்தில் விழத் தொடங்கியதும், பயிற்சியாளரைக் கேட்டு 50 மீட்டருக்கு வாருங்கள். இது 5.6 மில்லிமீட்டர் குண்டு போடும் .22 ரைபிள். முழங்காலிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலை. பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 451.4 எடுத்து வெண்கலம் வென்றது இந்த மூன்று நிலைப் பிரிவில். அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்துகொண்டே சுட்டவர். வேலை ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இங்கே இருந்து காற்றும் பூமியின் இழுப்பும் கணக்கில் சேர்கின்றன. குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 நொடி ஆகிறது. அதற்குள் பேரல் காட்டும் நேர்கோட்டில் இருந்து 12 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். 1.5 நொடி பறக்கும் தூரத்துக்குப் போனால் இறக்கம் 11 மீட்டர். ஒரே தூரத்துக்கு இறக்கம் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் சைட்டில் கிளிக் வைத்துச் சரிசெய்யலாம். மில் என்பது கோணத்தை அளக்கும் அலகு; ஒரு மில் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர். ஒரு கிளிக் பத்தில் ஒரு மில் என்றால் 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 3 சென்டிமீட்டர். இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் போதும்.

காற்றுதான் கடினம். மணிக்கு 10 கிலோமீட்டர் குறுக்குக் காற்றே 50 மீட்டரில் குண்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளும். வளையங்களுக்கு நடுவே 8 மில்லிமீட்டர்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம்; .22 குண்டு வெறும் 40 கிரெய்ன், இரண்டரை கிராம். காற்றுக்கொடி எந்தப் பக்கம் சாய்கிறது, சித்திரை வெயிலில் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அடிக்கடி வீசும் ஒரு காற்றைத் தேர்ந்தெடுத்து அதற்கே சைட்டை வைத்து, அது திரும்பி வரும்வரை காத்திருந்து சுடுங்கள்.

உயரமும் கணக்கை மாற்றும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதனால் குண்டுக்குத் தடை குறையும்; சேலத்துக் கணக்கை அங்கே வைத்தால் நீண்ட தூரத்தில் குண்டு மேலே போகும். சரிவில் சுடும்போது சாய்தூரத்தை எடுக்கக் கூடாது, கிடைத்தூரத்தையே எடுக்க வேண்டும்: 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்றால் கணக்குக்கு 260 மீட்டர்தான். இதையெல்லாம் மலைக்குப் போய்ச் சுட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. நோட்டில் கணக்காகப் போட்டுப் பழகுங்கள்.

.22 ரைபிள் சொந்தமாக வேண்டும் என்றால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அதற்கு முன் கிளப் ரைபிளில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, ஒரு வருடமாவது சுட்டிருங்கள். முதல் நாள் வரும்போது அடையாள அட்டை நகல், தடித்த முழுக்கைச் சட்டை, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ, கோடு போட்ட ஒரு நோட்டு. காலை உணவைப் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். காபி மட்டும் வேண்டாம், நாடித் துடிப்பு சைட்டில் தெரியும்.