எல்லாவற்றுக்கும் பதில் போடாமல் இருப்பது எப்படி?

எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோம். மழை முதல் மாப்பிள்ளை பார்ப்பது வரை எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர்கள் அதில் ஏழெட்டுப் பேர். 2024 ஆகஸ்ட் வரை அவர்களில் நான்தான் முதல் ஆள். அதனால் கீழே எழுதியிருப்பதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

அந்த வருடம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஐத் தாண்டி ஜூலை 28இல்தான் திறந்தது. குறுவை என்கிற குறுகிய கால நெல் போனது போனதுதான், நேராக அடுத்து வரும் நீண்ட கால நெல்லான சம்பாவுக்குப் போவோமா என்று குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்த பிறகும் பேச்சு ஓயவில்லை. ஒருநாள் இரவு, 2018இல் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நமக்கென்று சொன்ன 177.25 டிஎம்சியில் ஆரம்பித்து நாலு பத்தி எழுதிப் போட்டேன், அதற்கு ஒருவர் மறுப்பு, மறுப்புக்கு நான் மறுப்பு, இன்னொருவர் கைதட்டும் படம். நடுவில் யாரோ "வாய்க்கால் கரை உடைப்பு எடுத்திருக்கு, சாக்கு மண்வெட்டியோட வாங்க" என்று போட்டது எங்கள் பேச்சில் மேலே போய் மறைந்துவிட்டது. விடிந்து பார்த்தால் இரண்டு பேரின் நாற்றங்கால் தண்ணீருக்குள். டீக்கடையில் மாமா ஒருவர் சொன்னார்: "தம்பி, நீ எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு. அதப் படிச்சுக்கிட்டு இருந்ததுலதான் ஒருத்தரும் கரைக்குப் போகல."

சரி, விஷயத்துக்கு வருவோம். கை அரிக்கும்போது எழுதுங்கள், குரூப்பில் மட்டும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே நீங்கள் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். கோபம், கிண்டல், புள்ளிவிவரம் எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வாருங்கள். திரும்பிப் படித்தால் பத்தில் ஏழெட்டு, 'இதை யார் கேட்டா' என்று உங்களுக்கே தோன்றும். எழுதவே வேண்டாம், அடக்கிக்கொள் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அடக்கினால் மறுநாள் இரண்டு மடங்காக வரும், எனக்கு வந்தது.

அப்புறம், எங்கே நின்று பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. வெண்ணாற்றுப் பக்கம் ஒருவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் அதே நாளில் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் வயல் வெடித்துக் கிடக்கலாம். 'தண்ணி வந்துருச்சு' என்பவரும் 'பொய், வரல' என்பவரும் அவரவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எந்த ஊர், எந்த மதகு, எத்தனை மணி, எவ்வளவு ஆழம், இந்த நாலையும் போட்டால் பாதிச் சண்டை எழவே எழாது. நெல் கொள்முதலும் அப்படித்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டால் எந்த நிலையம், என்ன தேதி, மீட்டர் காட்டிய எண் என்ன என்று எழுதுங்கள். 'இந்த நாடே இப்படித்தான்' என்பதை வைத்துக்கொண்டு யாரும் யாரிடமும் மனு கொடுக்க முடியாது.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகுங்கள். போன சம்பாவுக்கு ஒரு பையன் சிஆர் 1009 நெல் விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அது 155, 160 நாள் பயிராச்சே, ஏன் போடுகிறாய் என்றார் ஒருவர். மாப்பிள்ளைச் சம்பா போடு, உடம்புக்கு நல்லது என்றார் இன்னொருவர். ரசாயன உரம் பற்றி ஏழு நிமிடக் குரல் பதிவு ஒன்று வந்தது. விதை எங்கே என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை, பையன் பக்கத்து ஊரில் விசாரித்து வாங்கிவிட்டான்.

சாவுச் செய்திக்கு ஒரு வரி இரங்கல் போதும். 'சுகர் இருந்துச்சே, கவனிக்காம விட்டுட்டாரு' என்று நீங்கள் எழுதுவதை அவர் மகளும் படிப்பாள்.

புயல் நேரத்து ஃபார்வர்டுகள் தனி ரகம். 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது சாய்ந்த தென்னந்தோப்புப் படங்கள், எங்கள் குரூப்பில் அதற்குப் பிறகும் எத்தனையோ மழைக்கு 'இன்று காலை' என்று வந்துவிட்டன. இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பல கை மாறி வந்தது, கொஞ்சம் நிதானியுங்கள். தப்பு என்று உறுதியாகத் தெரிந்தால் போட்டவருக்குத் தனியாக "அண்ணே, இது கஜா படம் மாதிரி இருக்கே" என்று அனுப்புங்கள். இரண்டு நாள் வரை எல்லோருக்கும் சேர்த்து அழிக்க வசதி இருக்கிறது, சத்தமில்லாமல் அழித்துவிடுவார். இருநூறு பேர் முன்னால் சொன்னால் மானப் பிரச்சினையாகிவிடும், படம் உண்மைதான் என்று நிரூபிக்க அவர் இன்னும் பத்துப் படம் போடுவார்.

நீங்களே தப்பாகப் போட்டுவிட்டால் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம். நேரம் தாண்டிவிட்டதா, 'நான் சொன்னது தவறு' என்று எழுதுங்கள். ஏன் தவறியது என்ற கதை வேண்டாம்.

எனக்கு நானே அனுப்பிய செய்திகள் இப்போது விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கின்றன. அதில் மிக நீளமானது மைத்துனர் வாங்கிய டிராக்டரின் நிறத்தைப் பற்றியது. அவர் இன்னும் என்னோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.