ஆழ்கடல் நத்தை ஒன்றைப் புதிய சிற்றினமாக விவரிப்பது எப்படி?

இந்தியப் பெருங்கடலின் கைரேய் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 2001ஆம் ஆண்டு ஒரு நத்தை கிடைத்தது. அதன் பாதத்தின் பக்கங்களை இரும்பு சல்ஃபைடு படிந்த செதில்கள் போர்த்தியிருந்தன. 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் அது பற்றிய கட்டுரை வந்து பெரிதாகப் பேசப்பட்டது. ஆனாலும், கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம் என்ற பெயர் அதற்கு முறைப்படி சூட்டப்பட்டது 2015இல்தான். அதற்கு முன்பே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தாலும், உரிய விவரணையும் பெயருக்கு ஆதாரமான மாதிரியும் இல்லாததால், விலங்குப் பெயரிடல் விதிகளின் கண்ணில் அது வெற்றுப் பெயராகவே நின்றது. இந்தத் தாமதம் விதிவிலக்கு அல்ல. ஒரு புதிய உயிரினத்தின் மாதிரி சேகரிக்கப்படுவதற்கும் அது விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. காரணம் எளிது. நத்தையைக் கண்டெடுப்பது வேலையின் மிகச் சிறிய பகுதி. இதற்கு முன் எவரும் இதற்குப் பெயரிடவில்லை என்று நிறுவுவதும், நாளை வேறொருவர் உங்கள் முடிவைச் சரிபார்க்க வழிவிட்டு எழுதுவதுமே உண்மையான வேலை.

மாதிரி கைக்கு வந்தவுடன்

ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கிடைக்காதவர்களுக்கும் ஆழ்கடல் நத்தைகள் கிடைக்கும். கொல்லத்திலும் தூத்துக்குடியிலும் ஆழ்கடல் இறாலுக்காக 200 மீட்டருக்கும் கீழே மடி என்னும் இழுவலையை இழுக்கும் படகுகளின் கழிவில் அவை வந்து குவிகின்றன. ஆனால் அங்கே இடமும் ஆழமும் வாய்ச்சொல்லாகவே கிடைக்கும் என்பதால், படகோட்டியிடம் மடி இறக்கிய இடம், ஏற்றிய இடம், இரண்டின் ஆழம் ஆகியவற்றை அன்றைக்கே, ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்தபடியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஓடு மட்டும் கிடைத்தால், அல்லது அதற்குள் துறவி நண்டு குடியிருந்தால், அந்த ஆழம் நத்தை வாழ்ந்த ஆழம் என்று எழுதக் கூடாது. நண்டு அந்த ஓட்டை எங்கிருந்து சுமந்து வந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை.

உயிருள்ள மாதிரியை ஃபார்மலினில் போடாதீர்கள். அது டி.என்.ஏ.வைச் சிதைக்கும், அமிலத்தன்மை ஏறினால் ஓட்டையும் அரிக்கும். 95 விழுக்காடு எத்தனால்தான் பொருத்தமானது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூடியை இறுக அடைத்துவிட்டால் ஆல்கஹால் உள்ளே போகாது. வெளியே ஓடு பளபளப்பாக இருக்க, உள்ளே சதை அழுகிப்போகும். ஓட்டில் சிறு துளையிடலாம், அல்லது உடைக்கலாம். ஓட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் மைக்ரோவேவ் அடுப்பில் சில நொடிகள் வைத்து எடுக்கும் முறை இருக்கிறது. தசைப்பிடிப்பு விட்டு, சதை முழுதாக வழுவி வெளியே வந்துவிடும், டி.என்.ஏ.வும் கெடுவதில்லை. எதைச் செய்வதாக இருந்தாலும் அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். விவரச்சீட்டைப் பென்சிலில் எழுதி, குப்பிக்கு உள்ளே போடுங்கள். பந்துமுனைப் பேனாவில் எழுதிய சீட்டு ஆல்கஹாலில் நீல நீராகக் கரைந்து, மூன்று மாத உழைப்பு பெயரில்லாத சதைத்துண்டுகளாக நின்றதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

புதியதுதானா?

விலங்குப் பெயரிடலின் தொடக்கம் 1758. அன்றுமுதல் இன்றுவரை வந்த எந்தப் பெயரும் உங்கள் நத்தைக்கு உரியதாக இருக்கலாம். மெல்லுடலிகளின் பெயர்களைத் தொகுக்கும் மொலஸ்காபேஸ் இணையதளத்தில் பேரினத்தின் பெயரைத் தேடி, இன்று ஏற்கப்பட்ட பெயர்களோடு, கைவிடப்பட்ட பெயர்களையும் சேர்த்துப் பட்டியலெடுங்கள். ஒரு நூற்றாண்டாக வேறொன்றின் மாற்றுப்பெயர் என்று ஒதுக்கப்பட்டிருந்த பெயரே உங்கள் நத்தையின் சரியான பெயராக முடிவதுண்டு. பிறகு ஒவ்வொன்றின் மூல விவரணையையும் படிக்க வேண்டும். வங்காள விரிகுடாவுக்கும் அரபிக்கடலுக்கும் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பல் எடுத்த மாதிரிகளை வைத்துப் பிரிட்டிஷ் விலங்கியலாளர் எட்கர் ஆல்பர்ட் ஸ்மித் எழுதியவை முதலில் வரும். 1898–99இல் இந்தியப் பெருங்கடலைக் கடந்துபோன ஜெர்மனியின் ‘வால்டிவியா’ பயணத்தின் நத்தைகள் 1904இல் விவரிக்கப்பட்டன. ஆழ்கடல் உயிரினங்கள் பலவற்றின் பரவல் மிகப் பெரிது என்பதால் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மடகாஸ்கர், ஜப்பான் பகுதிகளின் இலக்கியத்தையும் விட முடியாது. பழைய விவரணைகள் பெரும்பாலும் ஐந்தாறு வரி லத்தீனோடு முடிந்துவிடும். எனவே மூல மாதிரி இருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதி, அதன் படத்தையாவது பெற வேண்டும். படத்தைப் பார்க்காமல் ‘ஒத்துப்போகவில்லை’ என்று எழுதுவது ஊகம் மட்டுமே.

வேறுபாடு தெரிந்துவிட்டாலும் அது சிற்றினங்களுக்கு இடையிலான வேறுபாடா, ஒரே சிற்றினத்துக்குள் உள்ளதா என்ற கேள்வி மிஞ்சும். முன்சொன்ன செதில்பாத நத்தையே நல்ல பாடம். கைரேய் பகுதியில் அதன் செதில்கள் கறுப்பு. சாலிட்டேர் ஊற்றுப் பகுதியில் இரும்புப் படிவே இல்லாமல் வெள்ளை. நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு பெயர்கள் பிறந்திருக்கும். மரபணுக்களோ இரண்டும் ஒன்றே என்கின்றன. இதற்கு நேர்மாறானது ஆல்வினிகோங்கா என்ற வெந்நீர் ஊற்று நத்தைப் பேரினம். 1988இல் ஒரே ஒரு சிற்றினத்தோடு அறிமுகமான அதில், ஓட்டைப் பார்த்துப் பிரிக்கவே இயலாத பல சிற்றினங்கள் இருப்பதை டி.என்.ஏ. காட்டிக்கொடுத்தது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுத் துண்டையாவது வரிசைப்படுத்தி, மரபணு வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் சேர்த்து, எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறது என்றால்? ஆழ்கடலில் அது அடிக்கடி நேரும். விதிகள் தடுக்கவில்லை, ஆனால் அந்த ஒன்று பிற எல்லாவற்றிலிருந்தும் பளிச்சென்று விலகி நிற்காவிட்டால் காத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

விவரணையை எழுதுதல்

‘ஒல்லியான, அழகிய, நடுத்தர அளவிலான ஓடு’ என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒரு பயனும் இல்லை. எடுத்துக்காட்டாக, ‘உயரம் 14.2 மி.மீ., அகலம் 5.1 மி.மீ.; கருவோடு (ஓட்டின் நுனிப்பகுதி) நீங்கலாக ஏழு சுற்றுகள்; கடைசிச் சுற்றில் 16 நெடுக்கு மடிப்புகள், அவை தோள்பட்டையில் தொடங்கி அடிப்பகுதிக்கு வருமுன் மறைகின்றன’ என்று எழுதுங்கள். அப்போது அடுத்தவர் தம் கையிலுள்ள ஓட்டில் எண்ணிப் பார்க்க முடியும். நுனியிலிருந்து தொடங்கி அடிவரை, எல்லா மாதிரிகளுக்கும் ஒரே வரிசையில் எழுதுவது நல்லது: கருவோடு, சுற்றுகள், சுற்றுகள் ஒட்டும் கோடு, மடிப்புகளும் சுழல் வரிகளும், வாய், நடுத்தண்டு, நீர்க்குழல் கால்வாய், நிறம், மூடி.

இவற்றில் கருவோட்டுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அது ஓட்டின் நுனியில், இளம்பருவத்தில் கட்டப்பட்ட பகுதி. பல சுற்றுகளோடு ஒடுக்கமாக இருந்தால் இளவுயிரி மிதந்து, இரை தின்று வளர்ந்தது என்று கொள்ளலாம். ஒன்றிரண்டு சுற்றுகளோடு பருத்திருந்தால் முட்டைக்கருவின் சத்திலேயே வளர்ந்தது எனலாம். ஒரே சிற்றினத்துக்குள் இரண்டு வகை வளர்ச்சியும் இருப்பது மிக அரிது என்பதால், உருவத்தில் ஒத்த இரண்டு ஓடுகளை இந்த நுனியே பிரித்துவிடும். ஆழத்தில் சுண்ணாம்பு கரைவதால் முதிர்ந்த ஓடுகளின் நுனி அரிக்கப்பட்டிருக்கும். குப்பையென ஒதுக்கிய 3 மி.மீ. குஞ்சு ஓடு அப்போது உங்களுக்கு முதிர்ந்த ஓட்டைவிட மதிப்புள்ளதாகிவிடும்.

அடுத்தது ராடுலா என்னும் பல் நாடா. வாய்ப்பகுதித் தசையை வெட்டியெடுத்து, நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் சதை கரைந்து, தூசி போன்ற ஒரு பளபளப்பான இழை மிஞ்சும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, கரிநாடா ஒட்டிய தாங்கியில் பல்வரிசை மேல்நோக்கி இருக்கும்படி விரித்து, ஓரத்தை ஊசியால் சற்றுக் கிழித்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் பற்கள் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும். பொன்பூச்சுக்குப் பின் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கலாம். ஊசி பட்டுத் தெறித்தால் இழையைத் தேடிப் பிடிக்க முடியாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

விவரணைக்குப் பின் ஒப்பீடு. உங்கள் சிற்றினத்துக்கு மிக நெருக்கமான மூன்று நான்கு சிற்றினங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பண்பில் விலகுகிறது என்பதைச் சொற்களில் சொல்ல வேண்டும். படம் போட்டு ‘பார்த்தால் தெரியும்’ என்று விட்டுவிட விதி இடம் தராது.

பெயரும் விதிகளும்

1999க்குப் பின் வெளியாகும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் பெயரைத் தாங்கும் மாதிரியை வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும். அது ஒற்றை மாதிரியானால் ஹோலோடைப் எனப்படும். அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். மற்ற மாதிரிகளைப் பாராடைப்புகள் என்று குறிக்கலாம். அடைமொழியாக வரும் பெயர், பேரினப் பெயரின் பாலுக்கு இசைய வேண்டும். கிரைசோமல்லான் அஃறிணைப் பாலாக இருப்பதால்தான் ஸ்குவாமிஃபெரம் என்று ‘-அம்’ முடிவு வந்தது. ஓர் ஆணின் நினைவாக என்றால் ‘-ஐ’ என்றும், பெண்ணின் நினைவாக என்றால் ‘-ஏஇ’ என்றும் லத்தீன் விகுதி சேரும். தமிழ்ச் சொல்லைப் பெயர்ச்சொல்லாக அப்படியே வைத்தால் பால் இசைவு தேவையில்லை. ஆனால் லத்தீன் எழுத்துகள் 26 மட்டுமே அனுமதி, மேற்புள்ளியோ அடிக்கோடோ கூடாது. ழகரமுள்ள சொல்லை விரும்பினால் அதை எப்படி எழுதுவது என்று முதலிலேயே தீர்மானியுங்கள், வெளியான எழுத்துக்கூட்டலை மனம்போல் மாற்ற இயலாது. தன் பெயரையே சூட்டிக்கொள்ள விதி தடை சொல்லவில்லை, செய்தால் சிரிப்பார்கள்.

இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012இல் வந்த திருத்தத்தின்படி, கட்டுரை வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்களின் பதிவேடான ஜூபேங்கில் பதிவாகி, அந்தப் பதிவுக்கான சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள் இருக்க வேண்டும். அதுவரை புதிய பெயரைக் கருத்தரங்குச் சுவரொட்டியிலோ முகநூலிலோ செய்தியாளரிடமோ சொல்லாதீர்கள்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியற் பல்வகைமைச் சட்டம் 39ஆம் பிரிவும் உண்டு. புதிய சிற்றினத்தைக் கண்டறிந்தவர், அரசு அறிவித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய களஞ்சியங்களில் ஒன்று. வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதற்கு முன், சென்னை தரமணியில் உள்ள தேசிய உயிரியற் பல்வகைமை ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

ஒப்படைக்கும்வரை உலர் ஓடுகளை மரப்பெட்டியில் வைக்க வேண்டாம். மரத்திலிருந்து எழும் அமில ஆவி, குறிப்பாக ஓக் மரத்தின் ஆவி, சுண்ணாம்பைத் தின்று ஓட்டின்மேல் வெண்பொடியாகப் பூக்கும். கண்ணாடிக் குழாயில் போட்டு இரும்பு அலமாரியில் வையுங்கள்; ஹோலோடைப் உள்ள குழாய்க்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, கட்டுரையில் அச்சான அதே பதிவெண்ணைப் பென்சிலில் எழுதுங்கள்.